அப்பொல்லியோன்: ஒரு தூதனின் பெயரைக் கிரேக்கத்தில் படிக்கக் கற்றுக்கொள்வோம்

"அவைகளுக்கு ஒரு ராஜன் உண்டு, அவன் பாதாளத்தின் தூதன், எபிரெயு பாஷையிலே அபெத்தோன் என்றும், கிரேக்கு பாஷையிலே அப்பொல்லியோன் என்றும் அவனுக்குப் பெயர்."

வெளிப்படுத்தின விசேஷம் 9:11. சத்தமாக வாசிக்கும்போது இரண்டு பெயர்களையும் எழுத்துக்கூட்டிச் சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விடுவோம். யாராவது நின்று அர்த்தம் கேட்டால், கைப்பேசியில் தேடி "அழிப்பவன்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லுவோம். பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது என்பது கிரேக்கத்தில் பார்த்தால்தான் தெரியும்.

சில வருஷங்களாக ஒரு சிறிய வேதபாடக் குழுவில் கிரேக்க அடிப்படைகளைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். அதில் நான் கண்டது இது: ஆங்கிலம் வழியாகக் கிரேக்கம் படிக்கத் தொடங்கும் தமிழர், தேவையில்லாமல் ஊரைச் சுற்றி வருகிறார்கள். வேற்றுமை, வினையாலணையும் பெயர், தன்வினை, பிறவினை என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அது கையில் இருந்தால் கிரேக்கத்துக்கு நேர்வழி உண்டு. இந்த ஒரே பெயரை எடுத்துக்கொண்டு அந்த வழியைக் காட்டுகிறேன். கிரேக்க எழுத்துகூடத் தெரியாது என்பவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். அதனால் எல்லாச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன்.

கையில் இருக்க வேண்டியவை

தமிழ் வேதாகமம், பழைய மொழிபெயர்ப்பு. கிரேக்கச் சொல்லும் அதன் பொருளும் வரிக்கு வரி வரும் ஓர் இன்டர்லீனியர். ஸ்ட்ராங்ஸ் எண் போட்ட ஒத்தவாக்கிய அகராதி. ப்ளூ லெட்டர் பைபிள், பைபிள் ஹப், ஸ்டெப் பைபிள் என்ற மூன்று இணையதளங்களிலும் பின்னிரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஏதாவது ஒன்று போதும்.

ஸ்ட்ராங்ஸ் எண் என்பது 1890-இல் வெளிவந்த ஓர் அகராதியில் ஒவ்வொரு மூலச்சொல்லுக்கும் கொடுத்த வரிசை எண். நமக்குத் தேவையான எண்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் அபெத்தோன் 3, அப்பொல்லியோன் 623, அதன் வினைச்சொல் 622, அதே குடும்பத்துப் பெயர்ச்சொல் 684, பாதாளம் என்று வரும் சொல் 12. எபிரெயத்தில் அபெத்தோன் 11, அதன் வேர்வினை 6. எபிரெயத்துக்கும் கிரேக்கத்துக்கும் எண் வரிசை தனித்தனி என்பதை மறக்க வேண்டாம். எபிரெய 11-ஐத் தேடுவதாக நினைத்துக்கொண்டு கிரேக்க 11-இல் போய் நிற்பது புதியவர்களுக்கு அடிக்கடி நடக்கும்.

முதல் படி: பெயரை விட்டுவிட்டு, பத்தி முழுவதையும் வாசியுங்கள்

9:1 முதல் 9:11 வரை நிதானமாக வாசியுங்கள். ஐந்தாம் எக்காளம் ஊதப்படுகிறது. வானத்திலிருந்து விழுந்த ஒரு நட்சத்திரத்துக்குப் பாதாளக்குழியின் திறவுகோல் கொடுக்கப்படுகிறது. குழி திறக்கிறது, புகை எழும்புகிறது, புகையிலிருந்து வெட்டுக்கிளிகள் வருகின்றன. கடைசியில்தான் ராஜா வருகிறான், பெயரோடு.

வாசிக்கும்போது "கொடுக்கப்பட்டது" என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று பென்சிலால் கோடு போடுங்கள். திறவுகோல் கொடுக்கப்பட்டது. வல்லமை கொடுக்கப்பட்டது. ஐந்து மாதம் வேதனைப்படுத்த மட்டும் உத்தரவு கொடுக்கப்பட்டது, கொல்வதற்கு அல்ல. கிரேக்கத்திலும் இந்த மூன்று இடங்களிலும் ஒரே வினை, எதொத்தே. யார் கொடுத்தது என்று சொல்லாத செயப்பாட்டு வினை. தன் பெயரையே "அழிக்கிறவன்" என்று வைத்திருக்கும் ராஜாவின் சேனைக்குக் கொல்ல அனுமதி இல்லை! இதைக் கவனிக்காமல் பெயரின் அர்த்தத்தை மட்டும் அகராதியில் பார்த்தால், அவன் கட்டுப்பாடே இல்லாதவன் போலத் தோன்றும்.

இன்னொன்று. நீதிமொழிகள் 30:27, வெட்டுக்கிளிகளை "ராஜா இல்லாதிருந்தும்" அணி அணியாகப் புறப்படுகிறவை என்று சொல்கிறது. இங்கே வந்திருப்பவைக்கோ ராஜா உண்டு. இவை வயலில் பார்க்கும் வெட்டுக்கிளிகள் அல்ல என்பதைச் சொல்ல, இந்தப் புத்தகத்தை எழுதிய யோவானுக்கு அந்த ஒரு வாக்கியமே போதுமாக இருந்திருக்கிறது.

இரண்டாம் படி: கிரேக்க வரியைக் காதால் கேளுங்கள்

இன்டர்லீனியரில் வசனத்தின் பிற்பகுதியை எடுங்கள். ஏறக்குறைய இப்படி ஒலிக்கும்:

"ஒனொமா அவுத்தோ ஹெப்ரயிஸ்தி அபத்தோன், காய் என் தே ஹெல்லேனிக்கே ஒனொமா எகெய் அப்பொல்லியோன்."

சொல்லுக்குச் சொல்: "பெயர் – அவனுக்கு – எபிரெயத்தில் – அபெத்தோன், – கிரேக்கத்திலும் – பெயர் – கொண்டிருக்கிறான் – அப்பொல்லியோன்."

தமிழ் வேதாகமம் அபெத்தோன் என்று எழுதும் பெயர்தான் மூலத்தில் அபத்தோன் என்று ஒலிக்கிறது. அதில் கிரேக்கம் எழுதுவது பீட்டா என்ற எழுத்து ஒன்று, டெல்டா என்ற எழுத்து இரண்டு, கடைசியில் நெடில் ஓ. "த்தோ" என்பதை "பத்து"வில் வருவது போல வல்லோசையாகச் சொல்லாமல், "பந்து"வில் வரும் "து"வின் மெல்லிய ஒலியை இரட்டித்துச் சொல்ல வேண்டும். அப்பொல்லியோனில் "லி" என்று நாம் எழுதும் இடத்தில் கிரேக்கம் வைத்திருப்பது உப்சிலோன் என்ற எழுத்து. அதன் பழைய ஒலி இகரத்துக்கும் உகரத்துக்கும் நடுவில் நிற்பது: உதட்டை உகரத்துக்குக் குவித்து, நாக்கை இகரத்துக்கு வைத்துச் சொல்லிப் பாருங்கள். பெயரின் அழுத்தமும் அந்த அசையின்மேல்தான். இந்த ஒற்றை எழுத்து பின்னால் நமக்கு முக்கியமாக வேண்டியிருக்கும்.

"ஹெப்ரயிஸ்தி" என்ற சொல்லையும் குறித்துக்கொள்ளுங்கள். இன்றைய கிரேக்கப் பதிப்புகளின்படி புதிய ஏற்பாட்டில் அது 7 இடங்களில் வருகிறது: யோவான் சுவிசேஷத்தில் 5, வெளிப்படுத்தலில் 2. வேறு எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூன்றாம் படி: வேற்றுமையைப் பாருங்கள்

"ஒனொமா அவுத்தோ" என்பதை ஆங்கில மொழிபெயர்ப்புகள் "அவனுடைய பெயர்" என்றுதான் சொல்லுகின்றன. கிரேக்கத்தில் "உடைய" இல்லை. "அவுத்தோ" என்பது நம் நான்காம் வேற்றுமை: அவனுக்கு. "அவனுக்குப் பெயர்" என்று பழைய மொழிபெயர்ப்பு சொல்வது உருபுக்கு உருபு சரி. "எனக்கு இரண்டு பிள்ளைகள்", "அந்த ஊருக்கு என்ன பெயர்?" என்று நாம் தினமும் பேசுவது போலவே கிரேக்கரும் பேசினார்கள். யோவான் 1:6-இல் யோவான் ஸ்நானகனை அறிமுகப்படுத்தும்போதும் இதே அமைப்புத்தான், "ஒனொமா அவுத்தோ". ஆங்கிலத்தில் படிப்பவர்கள் இதற்கென்று ஒரு விதியை மனப்பாடம் செய்ய வேண்டும். நமக்கு அது தாய்மொழியிலேயே இருக்கிறது.

அடுத்த பாதியில் அமைப்பு மாறுகிறது: "பெயர் கொண்டிருக்கிறான்." இங்கே "ஒனொமா" செயப்படுபொருள். அப்படியானால் அதோடு சேர்ந்து வரும் பெயரும் இரண்டாம் வேற்றுமையில், "அப்பொல்லியொந்தா" என்று, வந்திருக்கலாம். வரவில்லை. எழுவாய் உருவிலேயே நிற்கிறது. ஒருவரின் பெயரை எடுத்துச் சொல்லும்போது அதை மாற்றாமல் அப்படியே வைப்பது கிரேக்கத்தில் உள்ள வழக்கம். நாமும் "முருகன் என்று பெயர்" என்கிறோம். "முருகனை என்று பெயர்" என்பதில்லை.

நான்காம் படி: பெயரைப் பிரியுங்கள்

அப்பொல்லியோன் என்பது பெயர்ச்சொல்லாகப் பிறந்த சொல் அல்ல. "அப்பொல்லுமி" என்ற வினை, அதன் இன்னொரு வடிவமான "அப்பொல்லுஒ", அதிலிருந்து வரும் எச்ச வடிவம் இது. இலக்கண நூல்கள் இதை நிகழ்காலம், செய்வினை, ஆண்பால், ஒருமை, எழுவாய் வேற்றுமை என்று ஐந்து குறிப்புகளோடு விளக்கும். புதியவர்கள் அந்தப் பட்டியலைப் பார்த்ததும் பயந்துவிடுகிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை. பாடுகிறவன், வந்தவள், படிப்பவர் என்று நாம் சொல்லும் வினையாலணையும் பெயர்தான் இது. "அழிக்கிறவன்" என்ற ஒரே சொல்லில் நிகழ்காலம், ஆண்பால், ஒருமை எல்லாம் அடங்கிவிட்டன, பாருங்கள். கிரேக்கமும் இவற்றை ஒரே சொல்லில்தான் அடக்குகிறது.

இனி "செய்வினை" என்ற குறிப்பு. இதே கிரேக்க வினைக்கு "அப்பொல்லுமய்" என்று இன்னொரு பக்கம் உண்டு. முதலாவது "அழிக்கிறேன்", இரண்டாவது "அழிகிறேன்". ஒரு "க்"தான் வித்தியாசம்: அழிக்கிறவன், அழிகிறவன். நம் பிறவினை, தன்வினை. ஆகவே அப்பொல்லியோன் என்பதை "அழிந்துபோகிறவன்" என்று விளக்குவது இலக்கணப்படி தவறு. அவன் முடிவில் அழிவானா என்பது வேறு கேள்வி. பெயர் அதைச் சொல்லவில்லை.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. நிகழ்கால வடிவம் என்பதால் "இடைவிடாமல், ஒவ்வொரு நொடியும் அழித்துக்கொண்டே இருக்கிறவன்" என்று விரித்துச் சொல்லுபவர்கள் உண்டு. பெயராக நிற்கும் எச்சத்தின்மேல் அவ்வளவு பாரம் ஏற்றக் கூடாது. "தையற்காரர் துணி தைக்கிறவர்" என்றால் அவர் தூங்கும்போதும் தைக்கிறார் என்று அர்த்தமில்லை.

ஐந்தாம் படி: வினையைப் பின்தொடருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும் என்பது என் எண்ணம். பெயராக அப்பொல்லியோன் புதிய ஏற்பாட்டில் ஒரே ஒரு முறைதான் வருகிறது. ஒரே முறை வரும் சொல்லுக்கு அர்த்தம் தேடுவது கடினம். ஆனால் அதன் வினை (எண் 622) சுமார் 90 முறை வருகிறது. அந்த இடங்களைத் திறந்து, பழைய மொழிபெயர்ப்பில் அதற்கு என்ன தமிழ்ச் சொல் நிற்கிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள்.

மத்தேயு 10:28-இல் ஆத்துமாவையும் சரீரத்தையும் நரகத்தில் "அழிக்க" வல்லவர். மாற்கு 1:24-இல் அசுத்த ஆவி இயேசுவைப் பார்த்து, எங்களைக் "கெடுக்கவா" வந்தீர் என்று கேட்கிறது. மத்தேயு 10:39-இல் தன் ஜீவனை "இழந்துபோவான்". யோவான் 3:16-இல் "கெட்டுப்போகாமல்". மாற்கு 4:38-இல் படகிலிருந்த சீஷர்கள், நாங்கள் "மடிந்துபோகிறது" உமக்குக் கவலையில்லையா என்கிறார்கள். லூக்கா 15-இல் "காணாமற்போன" ஆடு. அதே அதிகாரத்தில் பன்றிகளின் நடுவே இளையமகன், நானோ பசியினால் "சாகிறேன்" என்கிறான். அதுவும் இதே வினை. தகப்பன் அவனைக் "காணாமற்போனான், திரும்பவும் காணப்பட்டான்" என்று சொல்வதும் இதுவே. லூக்கா 19:10-இல் மனுஷகுமாரன் தேடி வந்தது "இழந்துபோனதை".

இந்தப் பட்டியலை முதல்முறை எழுதி முடித்தபோது நான் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாதாளத்தின் ராஜாவுக்குப் பெயரான வினையும், மேய்ப்பன் தோளில் போட்டுக்கொண்டு வரும் ஆட்டுக்கு வரும் வினையும் ஒன்று. தமிழில் ஒன்பது இடங்களுக்கு ஏழெட்டுச் சொல் போட வேண்டியிருந்ததால் இந்த உறவு நம் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளர்கள்மேல் குறை சொல்ல முடியாது. "அழிந்த ஆடு" என்று எழுதியிருந்தால் வாசிக்கிறவர்களுக்குப் புரிந்திருக்காது. ஆனால் வெளிப்படுத்தலை முதலில் கேட்டவர்களின் காதில் ஒரே ஓசைதான் விழுந்தது.

செய்வினைக்கு "அழி" என்றும் "இழ" என்றும் இரண்டு பொருள் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அப்படியானால் அப்பொல்லியோன் "இழக்கிறவன்" என்றும் இருக்கலாமே? வடிவத்தை மட்டும் பார்த்தால் தடையில்லை. அதை முடிவு செய்வது பக்கத்தில் நிற்கும் எபிரெயப் பெயர்.

அதற்கு முன் பெயர்ச்சொல்லையும் பார்த்துவிடுவோம்: "அப்போலேயா", எண் 684. யோவான் 17:12-இல் "கேட்டின் மகன் கெட்டுப்போனானேயல்லாமல்" என்று வருகிறது. கிரேக்கத்தில் அங்கே வினையும் பெயரும் அடுத்தடுத்து ஒலிக்கின்றன. "கேட்டின்", "கெட்டு" என்று தமிழும் அந்த ஓசையைப் பிடித்துக்கொண்டது! 2 தெசலோனிக்கேயர் 2:3-இலும் அதே "கேட்டின் மகன்".

ஆறாம் படி: எபிரெயத்துக்குப் போங்கள்

எபிரெய அபத்தோன் பழைய ஏற்பாட்டில் 6 இடங்களில் வருகிறது: யோபு 26:6, 28:22, 31:12, சங்கீதம் 88:11, நீதிமொழிகள் 15:11, 27:20. கடைசியில் உள்ளதில் எழுத்து கொஞ்சம் மாறியிருக்கும். ஆறையும் பழைய மொழிபெயர்ப்பில் திறந்து பாருங்கள். யோபு 26:6-இல் "நரகம்". 28:22-இல் "நாசம்". 31:12-இல் "பாதாளபரியந்தம்". மற்ற மூன்றிலும் "அழிவு". ஒரே எபிரெயச் சொல்லுக்கு நான்கு தமிழ்ச் சொற்கள். தமிழ் ஒத்தவாக்கிய அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் இந்த ஆறு இடங்களும் ஒரு குடும்பம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. எண் தேவைப்படுவது இதற்காகத்தான்.

ஆறு இடங்களிலும் அது ஆள் அல்ல, தூதன் அல்ல. மரித்தோர் இருக்கும் ஆழம், அல்லது அழிவு என்ற நிலை. மரித்தோர் இருக்கும் இடத்துக்கு எபிரெயம் சொல்லும் "ஷியோல்" என்ற சொல்லோடு மூன்று முறை ஜோடியாக வருகிறது. நீதிமொழிகளின் இரண்டு இடங்களிலும் "பாதாளமும் அழிவும்". ஆனால் யோபு 28:22-இல் சற்று நில்லுங்கள். அங்கே நாசமும் மரணமும் பேசுகின்றன: ஞானத்தின் கீர்த்தியை எங்கள் காதுகளால் மாத்திரம் கேட்டோம் என்கின்றன. கவிதையில் ஓர் இடத்துக்கு வாய் கிடைக்கிறது. அந்த வாய்க்குப் பின்னாளில் முகமும் பெயரும் சிங்காசனமும் கிடைத்தது வெளிப்படுத்தலில்.

வேர்வினை "ஆபத்". அழிந்துபோ, தொலைந்துபோ. 1 சாமுவேல் 9:3-இல் கீசின் கழுதைகள் காணாமற்போனதும் இந்த வினைதான். எபிரெய வினையும் கிரேக்க வினையும் "அழி", "தொலை" என்ற இரண்டு பொருளையும் சேர்த்தே சுமப்பதால், ஒன்றுக்கு மற்றொன்று இயல்பாகப் பொருந்திவிட்டது.

இந்த இடத்தில் தமிழ் வாசகர்களுக்கு மட்டும் வரும் ஒரு தடுமாற்றம் உண்டு. "ஆபத்" என்றதும் நம் "ஆபத்து" நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். ஆபத்து சமஸ்கிருதத்திலிருந்து வந்த சொல். எபிரெய வேருக்கும் அதற்கும் உறவில்லை. ஓசை ஒத்துப்போவதை வைத்துச் சொல் உறவு சொல்வது எந்த மொழியிலும் ஆபத்தான பழக்கம்.

ஏழாம் படி: பாலத்தைப் பாருங்கள்

எபிரெயத்துக்கும் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கத்துக்கும் நடுவே ஒரு பாலம் இருக்கிறது: செப்டுவஜின்ட் என்னும் எழுபதின்மர் மொழிபெயர்ப்பு. கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் எபிரெய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தது. மேலே சொன்ன ஆறு இடங்களையும் அதில் பாருங்கள். சங்கீதம் 88 அதில் 87 என்று இருக்கும், வசன எண்ணும் ஒன்று கூடும். தேடும்போது குழம்ப வேண்டாம்.

யோபு 31:12-இல் அதன் கிரேக்கம் வேறு விதமாகப் போய்விடுகிறது. மற்ற ஐந்து இடங்களிலும் அபத்தோனுக்கு வைத்திருக்கும் சொல் நாம் ஏற்கெனவே பார்த்த "அப்போலேயா", அதாவது அழிவு. எனவே அபத்தோனுக்கு இந்த வினைக் குடும்பத்தைக் கொண்டுவந்தது யோவான் அல்ல, அது முன்பே இருந்த வழக்கம். "இழக்கிறவனா, அழிக்கிறவனா" என்ற கேள்விக்கும் இங்கே விடை கிடைத்துவிடுகிறது.

ஆனால் யோவான் அப்போலேயா என்று எழுதவில்லை. அது பெண்பால் பெயர்ச்சொல், ஒரு நிலையைக் குறிப்பது. அவர் எழுதியது அப்பொல்லியோன், ஆண்பால், ஓர் ஆளைக் குறிப்பது. ராஜா, தூதன் என்ற இரண்டு கிரேக்கச் சொற்களும் ஆண்பால். பெயரும் அவற்றோடு வந்து சேர்ந்துகொள்கிறது. அழிவு என்பது அழிக்கிறவன் ஆகிவிட்டது. எபிரெயப் பெயரின் அகராதி அர்த்தம் "அழிவு", கிரேக்கப் பெயரின் அர்த்தம் "அழிக்கிறவன்", இரண்டும் துல்லியமாக ஒன்று அல்ல என்பதைப் பலர் கவனிப்பதில்லை. என் பார்வையில் இந்த வசனத்தின் உயிர் இந்தச் சிறு நகர்வில்தான் இருக்கிறது.

வுல்காத்தா என்னும் பழைய லத்தீன் வேத மொழிபெயர்ப்பு ஒருபடி மேலே போய், "லத்தீனில் எக்ஸ்தெர்மினான்ஸ்" என்று மூன்றாவது பெயரையும் வசனத்துக்குள் சேர்த்தது. அதுவும் வினையிலிருந்து வந்த எச்ச வடிவமே.

அப்பொல்லோ தேவனின் சாயல்

உப்சிலோனை நினைவில் வைக்கச் சொன்னேன் அல்லவா? கிரேக்கரின் தேவன் அப்பொல்லோவின் பெயர் எழுவாய் வடிவில் "அப்பொல்லோன்". அதற்கும் அப்பொல்லியோனுக்கும் எழுத்தில் வித்தியாசம் அந்த ஒரே உப்சிலோன். இந்த ஓசை விளையாட்டு கிரேக்கருக்குப் பழையது. கி.மு. 458-இல் மேடையேறிய எஸ்கிலஸின் அகமெம்னான் நாடகத்தில், கசாந்திரா என்ற பெண் அப்பொல்லோவை அழைத்து, அதே மூச்சில் "என்னை அழித்தவனே" என்று அவன் பெயரை இதே வினையாக மாற்றிக் கதறுகிறாள். வெட்டுக்கிளிக்கும் அப்பொல்லோவுக்கும் தொடர்பும் உண்டு: ஏதென்ஸில் வெட்டுக்கிளிகளை விரட்டியவன் என்ற பட்டத்தோடு அவனுக்கு ஒரு வெண்கலச் சிலை இருந்ததைப் பௌசானியாஸ் என்ற பயண எழுத்தாளர் குறித்திருக்கிறார்.

ஆகவே அப்பொல்லோவை வணங்கிய ரோம உலகத்தின்மேல் யோவான் ஒரு கல்லை எறிகிறார் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். ஆசியாவின் ஏழு சபைகளில் கேட்டவர்களுக்கு அந்த எதிரொலி கேட்டிருக்கும் என்றே நானும் நினைக்கிறேன். ஆனாலும் வசனம் அதை வெளிப்படையாகச் சொல்லவில்லை. குறிப்பேட்டில் எழுதும்போது "இருக்கலாம்" என்ற சொல்லோடு எழுதுங்கள். அப்பொல்லோ என்ற பெயரே இந்த வினையிலிருந்து பிறந்தது என்று மட்டும் எழுதிவிட வேண்டாம். கசாந்திரா செய்தது சொல் விளையாட்டு, சொல் வரலாறு அல்ல.

இடறும் இடங்கள்

அப்போஸ்தலர் 18:24-இல் வரும் அப்பொல்லோ, அலெக்சந்திரியாவில் பிறந்த, வேதாகமங்களில் வல்லவனான ஒரு யூதன். 17:1-இல் வரும் அப்பொலோனியா ஒரு பட்டணம். இருவருக்கும் அந்தத் தேவனின் பெயரோடுதான் உறவு, பாதாளத்தின் தூதனோடு அல்ல.

"பாதாளம்" என்ற தமிழ்ச் சொல் முக்கியமாக மூன்று மூலச்சொற்களைத் தாங்குகிறது: எபிரெய ஷியோல், கிரேக்க ஹாதேஸ், கிரேக்க அபுஸ்ஸோஸ். மத்தேயு 16:18-இன் "பாதாளத்தின் வாசல்கள்" ஹாதேஸ். நம் வசனத்தில் உள்ளது அபுஸ்ஸோஸ், அடியில்லாத ஆழம். புதிய ஏற்பாட்டில் அது 9 முறை வருகிறது, அதில் 7 வெளிப்படுத்தலில். ஆதியாகமம் 1:2-இன் "ஆழம்" என்பதற்கும் செப்டுவஜின்ட் வைத்த சொல் இதுவே.

1 கொரிந்தியர் 10:10-இன் "சங்காரக்காரன்" கிரேக்கத்தில் வேறு சொல், ஒலொத்ரெவ்தேஸ். ஆதிவேரில் தூரத்துச் சொந்தம் உண்டு. அதை வைத்து இருவரும் ஒருவரே என்று சொல்லிவிட முடியாது. வெளிப்படுத்தல் 11:18-இல் பூமியைக் "கெடுத்தவர்களைக்" கெடுப்பது என்று வருவதும் வேறு வினை. தமிழ் ஒன்றாக இருக்கும்போது கிரேக்கம் வேறாக இருக்கும், கிரேக்கம் ஒன்றாக இருக்கும்போது தமிழ் வேறாக இருக்கும். இரண்டு பக்கமும் சரிபார்க்க வேண்டும்.

மீன் செதில், வலுசர்ப்பச் சிறகு, கரடிக் கால், சிங்க வாய் என்று அப்பொல்லியோனுக்கு உருவம் சொல்லக் கேட்டிருந்தால், அது 1678-இல் ஜான் பன்யன் எழுதிய கதையிலிருந்து வந்தது. வேத வசனம் அவன் தோற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. விவரிப்பெல்லாம் வெட்டுக்கிளிகளைப் பற்றித்தான்.

அப்புறம், "அவன் சாத்தானா?" என்ற கேள்வி. சாத்தான்தான் என்று சொல்பவர்கள் உண்டு, அவனுக்குக் கீழுள்ள ஒரு தூதன் என்று சொல்பவர்கள் உண்டு, தேவனுடைய நியாயத்தீர்ப்பை நிறைவேற்றும் தூதன் என்று சொல்பவர்களும் உண்டு. 9:1-இன் விழுந்த நட்சத்திரமும் இவனும் ஒருவரே என்றும் சிலர் எடுத்துக்கொள்வார்கள். பெயரின் இலக்கணம் இவற்றில் எதையும் முடிவு செய்யாது. அது வரை போய் நிற்கத் தெரிவதும் இந்தப் படிப்பின் ஒரு பகுதி.

குறிப்பேட்டில் எழுதும் விதம்

நான் எழுதி வைத்திருப்பது இவ்வளவுதான்: "அப்பொல்லியோன் – அழிக்கிறவன். வினையாலணையும் பெயர், ஆண்பால். பு.ஏ.யில் 1 முறை. வினை சுமார் 90 முறை: அழி, இழ, கெட்டுப்போ, காணாமற்போ. எபிரெயத்தில் அபத்தோன், 6 முறை, ஆள் அல்ல, அழிவின் ஆழம். செப்டுவஜின்ட்: அப்போலேயா. யோவான் ஆளாக்குகிறார். அப்பொல்லோ தேவன்மேல் குத்தல் – இருக்கலாம். 9:5 – கொல்ல உத்தரவு இல்லை."

புதிய ஏற்பாட்டில் பெயர் சொல்லப்பட்ட மற்ற தூதர்கள் காபிரியேல், மிகாவேல் இருவர்தான். லூக்கா 1:19, 26. யூதா 9, வெளிப்படுத்தல் 12:7. இருவர் பெயரும் "ஏல்", தேவன், என்று முடிகிற எபிரெயப் பெயர்கள். கிரேக்கம் அவற்றுக்கு அர்த்தம் சொல்லாமல், வேற்றுமைக்கேற்ப ஈற்றை மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்கிறது. எபிரெயத்தோடு சேர்த்துக் கிரேக்கத்திலும் பெயர் கொடுக்கப்பட்ட தூதன் இவன் ஒருவனே. அந்த இரண்டு பெயர்களுக்கும் இதே படிகளைப் போட்டுப் பாருங்கள். ஐந்தாம் படி அங்கே தேவைப்படாது, ஆறாம் படியில் நேரம் போகும்.

அதை முடித்துவிட்டு வெளிப்படுத்தல் 16:16-ஐத் திறங்கள். "எபிரெயு பாஷையிலே அர்மகெதோன்." அந்த 7 இடங்களில் ஒன்றான ஹெப்ரயிஸ்தி இங்கே மறுபடி வருகிறது. ஆனால் இம்முறை யோவான் கிரேக்கப் பெயரைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார். தூதனின் பெயரைப் பெயர்த்துச் சொன்னவர், இடத்தின் பெயரை ஏன் பெயர்க்கவில்லை என்று கேட்டுக்கொண்டு, அகராதியைத் திறப்பதற்கு முன் 16-ஆம் அதிகாரம் முழுவதையும் ஒருமுறை வாசியுங்கள்.